மருந்தின் நான்காவது கூறு

தமிழ் கற்பிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாழ்வில் எது நேர்ந்தாலும் அதற்குப் பழைய நூல் ஒன்றில் இடம் தேடுவோம். உடல் எடையைப் பற்றி எழுத நினைத்தபோதும் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதன் பத்துக் குறள்களில் பெரும்பாலானவை உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பற்றியவை. அவற்றை மேடைகளிலும் வார இதழ்களிலும் வேண்டிய அளவு கேட்டிருக்கிறோம். என்னை நிறுத்தியது கடைசிக் குறள். மருத்துவம் நான்கு கூறுகளால் ஆனது என்கிறது அது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து, மருந்தை உரியபடி கொடுத்துக் கவனித்துக்கொள்பவர். தேர்வில் அதிகம் கேட்கப்படாத குறள். உடல் பருமனைப் பொறுத்தவரை நம் மருத்துவ ஏற்பாட்டில் விடுபட்டுப்போன கூறு இந்த நான்காவதுதான் என்று 2022 முதல் எண்ணி வருகிறேன். அதைப் பற்றியே இக்கட்டுரை.

நான் மீஞ்சூரில் வசிப்பவள். பக்கத்து ஊரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். 2022-இல் எனக்கு வயது 43, எடை 76 கிலோ, உயரம் 155 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். எனக்கு அது 31.6. இந்தியர்களுக்கு அந்த எண் 23-ஐ எட்டினால் அதிக எடை, 25-ஐ எட்டினால் பருமன் என்று 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி வகுத்தார்கள். உலக அளவில் வழங்கும் எல்லைகள் 25, 30. அதே எடையுள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது, சர்க்கரை நோயும் முன்னதாக வருகிறது என்பதால் நம் எல்லை கீழே இறக்கப்பட்டது. இடுப்பளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எந்த அளவுகோலில் பார்த்தாலும் நான் வெளியேதான் நின்றேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"வெயிட்டக் குறைங்கம்மா" என்றார் மருத்துவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். அவரால் தர முடிந்தது அந்த இரண்டு சொற்கள்தாம். ஆனால் அவற்றை நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன், வேறொருவருக்குச் சொல்லப்பட்டதாக.

என் அம்மாவுக்கு நாற்பதாவது வயதில் சர்க்கரை நோய் கண்டது. அடுப்படிச் சுவரில் ஓர் உணவு அட்டவணை ஒட்டப்பட்டது. காலையில் இரண்டு இட்லி, சர்க்கரையில்லாத காபி, மதியம் ஒரு கரண்டி சோறு. வீட்டில் மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை பாயசமும் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் அம்மாவே சமைப்பார். பரிமாறிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு தனியே போய் உட்காருவார். பத்தியம் என்பது எங்கள் வீட்டில் ஒரு விலக்கிவைப்பாகவே நடந்தது. இரவில் டப்பா திறக்கும் ஓசை கேட்டால் அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். 2001-இல் ஆறாத புண்ணால் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 2004-இல் காலமானார். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவர்தான் அதை விளக்கிச் சொல்வார். ஆகவே, அறிவுரை போதாமல்தான் மக்கள் பருத்துப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

*

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உடல் நிறை எண் 25-ஐ எட்டியவர்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு. 2019-21-இல் 40.4. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆனது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் மன உறுதி இந்த அளவுக்குக் குலைந்துவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள். மாறியது வாழும் முறை.

மீஞ்சூரையே எடுத்துக்கொள்ளலாம். ஏகாம்பரேசுவரர் கோயிலும் வரதராசப் பெருமாள் கோயிலும் இருப்பதால் வடகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல் விளைந்த பூமி. நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறுகள் உவர்த்தன. கிழக்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் எழுந்தன, காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நிலையம் 2010-இல் வந்தது. களையெடுத்த குடும்பத்தின் பெண் இப்போது ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கிறாள். ஏர் பிடித்தவரின் மகன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், துறைமுக வரிசையில் பல மணி நேரம் இருக்கையை விட்டு இறங்காமல். சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்தது. மாலையில் நடக்கலாம் என்றால் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழ இடம்தான் மிஞ்சும்.

இத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கிய எடையைக் குறைக்கும் பொறுப்பு மட்டும் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வரும் ஒற்றை ஆளின் தலையில் விழுகிறது.

*

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாதந்தோறும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். இதற்கான பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எங்கள் தெருவுக்கு வருபவர் முப்பத்தைந்து வயதுப் பெண். தோளில் ஒரு பை, அதில் இரத்த அழுத்தக் கருவியும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியும். கால் இல்லாத ஒருவர் மாத்திரைக்காகப் பேருந்து ஏறி வரிசையில் நின்ற காலத்தை அருகிலிருந்து பார்த்தவள் நான். அந்தப் பை எங்கள் வாசலுக்கு வருவதை இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

ஒருநாள் என் எண்களைக் குறித்துக்கொண்டு அவர் சொன்னார்: "டீச்சர், பிரஷர் மாத்திரைன்னா எடுத்தாந்து குடுத்துட்டுப் போய்டுவேன். உடம்பக் குறைக்கிறதுக்கு எதைத்தான் எடுத்தாறது? குறைங்கன்னு வாயால சொல்லிட்டுப் போறதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

அவருடைய கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கினேன். விடையின் ஒரு பகுதி சென்னையிலேயே இருந்தது.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களிடம் 31 விழுக்காடு. மாத்திரையைப் பழக்கம் வென்றது. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயிற்றுநர் பதினாறு பாடங்களை நடத்தினார். அவ்வளவு செலவு நமக்குக் கட்டாது. சென்னையின் மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைக் குழு வகுப்பாக மாற்றியது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, எடை கூடிய 578 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான அறிவுரை, மறுபாதிக்கு வாரம் ஒன்றாகப் பதினாறு வகுப்புகளும் அதன்பின் தொடர் வகுப்புகளும். இலக்கு, எடையில் 7 விழுக்காடு குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி. அது போதாதவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் சேர்க்கப்பட்டது. பெரும்பாலானவர்களுக்கு அதுவும் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளில் அறிவுரை பெற்றவர்களில் 34.9 விழுக்காட்டினருக்கும், குழுவில் இருந்தவர்களில் 25.7 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 2016-இல் வெளியான முடிவு இது. பத்துப் பேர் வகுப்புக்கு வந்தால் ஒருவர் தப்பிக்கிறார் என்று சுருக்கிச் சொல்லலாம். அந்த ஒருவர் யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம்.

இன்னொரு விடை இங்கிலாந்திலிருந்து. 23 ஆரம்ப மருத்துவ நிலையங்களிலிருந்து 1,267 பேரைத் தேர்ந்தெடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கையேடும் சிறிது அறிவுரையும். ஒரு பிரிவுக்கு 12 வாரக் குழு வகுப்பு. மற்றொன்றுக்கு 52 வாரம். 2017-இல் வந்த முடிவின்படி ஓராண்டில் அவர்கள் இழந்த எடை முறையே 3.3, 4.8, 6.8 கிலோ. இரண்டாம் ஆண்டின் முடிவில் மூன்று பிரிவினருக்கும் எடை ஓரளவு திரும்பிவிட்டது, ஆனால் வரிசை மாறவில்லை: 2.3, 3.0, 4.3. அங்கே நடந்த வகுப்பின் மூலம் 1961-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி தன் தோழியரை வீட்டுக்கு அழைத்து, தின்ன ஆசைப்பட்டதையெல்லாம் மனம்விட்டுப் பேசியது. அது 1963-இல் 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனமாயிற்று. மருத்துவர் கண்டுபிடிக்காத, ஒரு வீட்டுக் கூடத்தில் பிறந்த முறை.

குழு என்றாலே வெற்றி என்று சொல்லவும் முடியாது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு, ஊர்க்காரர்களையே தலைவர்களாக்கிக் குழுக்கள் நடத்தினார்கள். 2018-இல் வந்த முடிவில், இரண்டாண்டுகளில் சர்க்கரை நோய் வந்தவர்கள் குழுவில் 14.9 விழுக்காடு, குழுவில்லாதவர்களில் 17.1. தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காய்கனி உண்பது கூடியது, மது குறைந்தது. எனக்கு இந்த ஆய்வின் நேர்மை பிடித்திருக்கிறது. கூடிப் பேசினால் பழக்கம் அசையும், நோய் நகர நாளாகும் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

*

படித்ததை அந்தத் தன்னார்வலரிடம் சொன்னேன். அவர் அதிகம் வியக்கவில்லை. "நாங்க குழுவுல பணத்துக்குச் செய்யறதுதானே டீச்சர் இது? வாரா வாரம் கூடறது, நோட்டுல எழுதறது, வராதவங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கறது" என்றார்.

எனக்கு அது பெரிய திறப்பு. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. கூடி உட்கார்ந்து, சிறு தொகையைச் சேர்த்து, கணக்கெழுதி, ஒருவருக்கொருவர் பொறுப்பாக நிற்கும் வழக்கம் நம் பெண்களுக்குப் புதிதன்று. சென்னை ஆய்வு பதினாறு வாரத்தில் கற்பிக்க வேண்டியிருந்த ஒழுங்கில் பாதி எங்கள் தெருவில் முன்பே இருந்தது.

எட்டுப் பேர் சேர்ந்தோம். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, என் வீட்டு மொட்டைமாடியில். இட்லிக் கடை வைத்திருப்பவர், தையல்காரர், லாரி ஓட்டுநரின் மனைவி, கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் இருவர், ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஊழியர், தன்னார்வலர், நான். ஓர் எடைக் கருவி, தையல்காரரின் டேப், ஒரு நீள நோட்டு.

இரண்டாம் வாரமே ஒரு விதி வந்தது. எடையை உரக்கச் சொல்லக்கூடாது. தையல்காரர்தான் கேட்டார்: "கடன் கட்டலேன்னா குழுவுல எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. அதுக்குப் பயந்தே நாலு பேரு நின்னுட்டாங்க. இதுலயும் அப்படி வேணாம்." அன்று முதல் மூலையில் தனியாக நின்று எடை பார்ப்போம், தன்னார்வலர் மட்டும் குறித்துக்கொள்வார். வட்டமாக உட்கார்ந்ததும் பேசுவது, அந்த வாரம் என்ன செய்தோம் என்பதை மட்டும். இந்த விதி இல்லாமல் போயிருந்தால் மூன்றாம் வாரம் நானும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

பேச்சில் வெளிவந்தவை எந்த அட்டவணையிலும் இல்லாதவை. இட்லிக் கடை அக்கா, "மீந்த இட்லிய கொட்ட மனசு வராது, நான்தான் குப்பத்தொட்டி" என்றார். ஓட்டுநரின் மனைவி இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு சாப்பிடுவார், பதினொன்றரைக்குக் கணவர் வந்ததும் அவரைத் தனியே சாப்பிட விடக்கூடாதென்று மறுபடியும் ஒரு தட்டு. அவர் வயிற்றுக்குப் பசியில்லை, அது உறவுக்கான சாப்பாடு. இதற்கு எந்த மருத்துவரும் மருந்தெழுத முடியாது. "பக்கத்துல உக்காந்து ஒரு டம்ளர் மோர் குடி. அவருக்கு வேண்டியது நீ எதிர்ல இருக்கறது" என்று அங்கன்வாடி அம்மா சொன்னார். கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டது.

ஒரு வாரம் எண்ணெய்க் கணக்குப் போட்டோம். ரேஷன் பாமாயிலும் கடையில் வாங்குவதும் சேர்த்து, நால்வருள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர். அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 41 மி.லி.க்கு மேல், எடையில் ஏறக்குறைய 38 கிராம். உடலுழைப்பு குறைந்த பெண்ணுக்கு 20 கிராம் போதும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டுக் கையேடு சொன்னது. அன்றிலிருந்து எண்ணெய்ச் சட்டியைச் சாய்ப்பதை விட்டுக் கரண்டியில் அளந்து ஊற்றினோம். நடப்பதற்கு நெடுஞ்சாலையை விட்டுவிட்டோம். காலை ஐந்தரைக்கு நான்கு பெண்களாகச் சேர்ந்து தெருக்களுக்குள்ளேயே சுற்றினோம். தனியே போனால் விசாரிக்கும் கண்கள் நால்வராகப் போனால் விசாரிப்பதில்லை.

ஓராண்டில் என்ன ஆயிற்று? எட்டுப் பேரில் ஐவர் நிலைத்தோம். ஒருவர் வீடு மாறிப் போனார், ஒருவருக்கு ஷிஃப்டு மாறியது, ஒருவர் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார். என் எடை 71.5 கிலோவுக்கு வந்தது, சர்க்கரை 101-க்கு. ஏழு விழுக்காடு என்ற இலக்கை நான் எட்டவில்லை. இப்போது 72.3. இட்லிக் கடை அக்காவின் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, இடுப்பில் நான்கு செ.மீ. குறைந்தது. ரயில் நிலைய நடைமேம்பாலத்தை இடையில் நிற்காமல் ஏறுகிறார். 2006-இல் வெளியான சென்னையின் மற்றோர் ஆய்வில், 531 பேரிடம் எடை பெரிதாகக் குறையாமலே சர்க்கரை நோய் வருவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று அவருக்குச் சொன்னேன். "அப்ப வர்றேன்" என்றார்.

*

2025-இல் மவுன்ஜாரோ, வீகோவி என்ற வார ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடையை அவை கணிசமாகக் குறைக்கின்றன. தேவையுள்ளவர்களுக்கு அவை கிடைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்று அவற்றின் ஆய்வுகளே சொல்கின்றன. ஊசி போட்டுக்கொள்பவருக்கும் பதினொன்றரை மணிச் சாப்பாடு இருக்கத்தான் செய்யும். மூன்றாவது கூறு எவ்வளவு வலுப்பெற்றாலும் நான்காவதன் வேலையை அது செய்யாது.

எங்கள் மொட்டைமாடியில் ஆண்கள் இல்லை என்பது என்னை உறுத்துகிறது. மகளிர் குழு போன்ற ஒரு வட்டம் அவர்களுக்கு இல்லை. கூடுமிடம் தேநீர்க் கடையும் மதுக் கடையும்தாம். 2024-இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று பணியிடங்களிலேயே பரிசோதனை தொடங்கியது. அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலைகள் நிறைந்த வட்டாரம் இது. பரிசோதனை நடக்கும் கேன்டீனில் வாரத்துக்கு அரை மணி, ஷிஃப்டு முடியும் வேளையில், பத்துப் பதினைந்து பேர் உட்கார இடம் தந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இதேதான். ஓர் அறை, ஓர் எடைக் கருவி, ஒரு டேப், ஒரு நோட்டு. பட்டியலில் செலவு பிடிப்பது ஒன்றே ஒன்று, கூட்டி உட்காரவைக்கும் மனிதரின் நேரம்.

அந்த நேரம் இன்று எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தன்னார்வலர் நாளெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். எத்தனை பேருக்கு அழுத்தம் பார்த்தார், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தார் என்று செல்பேசியில் பதிகிறார். அதற்கு ஊக்கத்தொகை உண்டு. வியாழக்கிழமை மாலையைப் பதிவதற்கு அதில் இடமில்லை. "அது நம்ம சொந்த வேலைதானே டீச்சர்" என்கிறார். இல்லை. அது மருத்துவம், அதன் நாலில் ஒரு பங்கு. அதற்குரிய பெயரையும் கூலியையும் அவருக்குக் கொடுக்க வேண்டியது நம் கடமை என்று நினைக்கிறேன்.